கார் வாங்கப் போகுமுன் கொப்பியைத் திறவுங்கள்

“மிஸ், நீங்க உள்ளுக்கு ஏசியில இரிங்க. விலையை நாங்க நானாவோட பேசிக்கொள்ளுறம்.”

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கண்டிப் பக்கமுள்ள ஒரு வாகன விற்பனை நிலையத்தில் என் ராத்தாவுக்குக் கிடைத்த வரவேற்பு இது. கார் வாங்க வந்தவர் ராத்தா. பணமும் ராத்தாவின் கணக்கில்தான் இருந்தது. மச்சான் கட்டாரில் ஒன்பது வருடம் வெயிலில் நின்று அனுப்பிய பணமும், ராத்தா இரண்டு சோடிக் காப்பை விற்ற பணமும் சேர்ந்த கணக்கு அது. நடக்க முடியாத மாமியை மாதத்தில் இரண்டு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். முச்சக்கர வண்டியில் அவரை ஏற்றி இறக்குவதே பெரும் பாடு. ஒரு சின்னக் கார் இருந்தால் போதும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்த வீடு அது.

துணைக்கு வந்தவர் எங்கள் நானா. அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். மரக்கறிக் கடையில்கூடச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருபவர். ஆனால் விற்பனையாளரின் கண்ணில் பட்டது அவர்தான்.

நாங்கள் இருவரும் உள்ளே இருந்து, கொடுத்த குளிர்பானத்தைக் குடித்தோம். கண்ணாடிக்கு வெளியே இருபது நிமிடம் பேச்சு நடந்தது. 660 சீசீ எஞ்சின் கொண்ட ஜப்பான் கார். இலங்கையில் இன்னும் பதியப்படாதது. 78 இலட்சம் என்று தொடங்கிய விலை, “நீங்க நம்மட ஆக்கள், உங்களுக்கு நான் கூடச் சொல்லுவனா?” என்ற வார்த்தையோடு 77 இலட்சத்து 50 ஆயிரத்தில் வந்து நின்றது. “இதுதான் லாஸ்ட் பிரைஸ். பின்னேரம் வேற ஒரு பார்ட்டி எட்வான்சோட வாறாங்க” என்றார் அவர். நானாவின் கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு இலட்சம் முற்பணம் கொடுத்து காரைப் பிடித்து வைத்துவிட அவர் தயாராகிவிட்டார்.

அப்போதுதான் ராத்தா எழுந்து வெளியே போனார். ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“இந்த விலைக்குள்ள என்னென்ன அடங்கும்?”

விற்பனையாளர் முதன்முறையாக ராத்தாவைப் பார்த்துப் பேசினார். பதிவுக் கட்டணம் அடங்காது. இலக்கத் தகடு அடங்காது. காப்புறுதி அடங்காது. ஆவண வேலைகளுக்கென்று தனியாக ஒரு தொகை. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காரின் ஏலத் தாளையும் ராத்தா கேட்டு வாங்கி, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். “யோசிச்சிட்டு வாறம்” என்று சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று இரவு அவர் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். அந்தக் கொப்பியில் பிறகு எழுதப்பட்டவற்றைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விலை எவற்றால் ஆனது?

சகோதரிகளே, பேரம் பேசுமுன் எதைப் பேசலாம், எதைப் பேச முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். நமது நாட்டில் கார் விலையின் பெரும் பகுதி விற்பனையாளரின் கையில் இல்லை.

2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் நாட்டிலிருந்த பழைய கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. அந்தக் காலத்தில் வாங்கப் போனவருக்குப் பேரம் பேச இடமே இருக்கவில்லை. “வேண்டுமென்றால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்” என்பதே கடையின் பேச்சு. கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய பின்னரும் நம்மில் பலருக்கு அந்தப் பயம் போகவில்லை. இன்று விட்டால் நாளை கிடைக்காது என்ற பதற்றத்தோடுதான் கடைக்குள் நுழைகிறோம். விற்பவருக்கு அந்தப் பதற்றம் நன்றாகத் தெரியும்.

ஜப்பானிலிருந்து வரும் ஒரு காரின் விலையைப் பிரித்துப் பாருங்கள். முதலில் அங்கே ஏலத்தில் அது விலைபோன தொகை. அடுத்து ஏல நிலையத்தின் கட்டணம், ஏற்றுமதியாளரின் கூலி, கப்பல் கூலி, கடற்காப்புறுதி. இவை யென்னிலும் டொலரிலும் கணக்கிடப்படுவதால், நாணய மாற்று விகிதம் அசைந்தால் விலையும் அசையும். இங்கே வந்ததும் சுங்க வரி, உற்பத்தி வரி, விலை கூடிய கார்களுக்குச் சொகுசு வரி. பெற்றோல் காருக்கு எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற் வலுவைப் பொறுத்தும் உற்பத்தி வரி மாறும். இவற்றுக்கு மேல் பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். பின்னர் வங்கிக் கட்டணம், துறைமுகத்திலிருந்து எடுக்கும் செலவு. கடைசியாகத்தான் விற்பனையாளரின் இலாபம்.

இதில் நீங்கள் பேசக்கூடியது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். அதோடு, அவர் மேலதிகமாகச் சேர்க்கும் செலவுகளையும் பேசலாம். அரசாங்கத்துக்குப் போன வரியை எந்த விற்பனையாளராலும் குறைக்க முடியாது. ஆகவே “பாதி விலைக்குத் தாருங்கள்” என்று புடைவைக் கடையில் கேட்பது போல் இங்கே கேட்பதில் பயனில்லை. அதேபோல, சந்தையிலுள்ள மற்ற எல்லாக் கடைகளையும்விட ஒருவர் பத்து இலட்சம் குறைத்துச் சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். குறைந்தது விலையா, காரின் தரமா?

பெண்ணுக்கு ஒரு விலையா?

விலை பேசும்போது பெண்ணை ஓரத்தில் இருத்துவது நமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இயன் எயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிக்காகோ நகரப் பகுதியிலுள்ள புதுக் கார் விற்பனை நிலையங்களுக்கு அவர்கள் ஆட்களை அனுப்பினார்கள். வெள்ளை இன ஆண், வெள்ளை இனப் பெண், கறுப்பின ஆண், கறுப்பினப் பெண் என்று வகைக்குச் சிலர். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பேசப் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. ஒரே கார், ஒரே பேச்சு. இப்படி 300க்கும் மேற்பட்ட தடவைகள் பரிசோதித்தார்கள். வெள்ளை இன ஆண்களுக்குச் சொன்ன விலையே மற்ற எல்லோருக்கும் சொன்ன விலையைவிடக் குறைவாக இருந்தது. பெண்களுக்குக் கூடுதலாகச் சொன்னார்கள். கறுப்பின ஆண்களுக்கு அதைவிடவும் கூட்டிச் சொன்னார்கள்.

இவர்கள் பேரம் பேசத் தெரியாதவர்கள் அல்லர். எல்லோரும் பேசியது ஒரே பேச்சுத்தானே? “இவருக்கு விலை தெரிந்திருக்காது” என்று விற்பவர் முன்கூட்டியே போட்ட கணக்குத்தான் அங்கே விலையாக வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு மருந்தும் இருக்கிறது. இணையம் பரவத் தொடங்கிய பின்னர், 2003இல் வேறு சில அமெரிக்க ஆய்வாளர்கள் இதே விடயத்தை மறுபடி பார்த்தார்கள். இணையம் வழியாக விலை விசாரித்து வாங்கிய சிறுபான்மை இனத்தவர்கள், வெள்ளையர் கொடுத்த விலையையே கிட்டத்தட்டக் கொடுத்திருந்தார்கள். ஆள் மாறவில்லை, நிறம் மாறவில்லை. கையிலிருந்த தகவல்தான் மாறியிருந்தது.

ராத்தா இந்த ஆய்வுகள் எதையும் படித்தவரல்லர். ஆனால் கொப்பியின் முதற் பக்கத்தில் அவர் செய்தது இதைத்தான். இணைய விளம்பரங்களைப் பார்த்து, அதே வகைக் கார், அதே உற்பத்தி ஆண்டு, அதே தரம் என்று தேடி, மூன்று கடைகளுக்குத் தொலைபேசி எடுத்தார். மூவரிடமும் ஒரே கேள்வி: “எல்லாம் சேர்த்து, வீதிக்கு இறங்கும் விலை என்ன?” பதில்களைத் திகதியோடு எழுதினார். 75 இலட்சத்து 90 ஆயிரம், 76 இலட்சத்து 50 ஆயிரம், 77 இலட்சம். இரண்டு நாட்களில் வீட்டிலிருந்தே அவருக்குச் சந்தை தெரிந்துவிட்டது.

செவுளைத் தூக்கிப் பாருங்கள்

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நாம் விலை கேட்பதில்லை. காரைப் பொறுத்தவரை, பெயின்ட் மினுங்குவதைப் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறோம்.

நம் நாட்டில் “புதுக் கார்” என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலிருந்து நேரே வருவது. மற்றது, ஜப்பானில் சிறிது காலம் ஓடி, ஏலத்தில் விற்கப்பட்டு இங்கே வருவது. இதைத்தான் ரீகண்டிஷன் என்கிறோம். இலங்கையில் பதியப்படாதது என்பதால் இதுவும் “புதுசு” என்றே பேசப்படுகிறது. இந்த இரண்டாவது வகைக்கு ஓர் ஏலத் தாள் இருக்கும். அதுதான் காரின் செவுள்.

ஜப்பானிய ஏல நிலையங்களில் பரிசோதகர் ஒருவர் காரைப் பார்த்துப் புள்ளி போடுவார். ஏறத்தாழப் புதிது என்றால் எஸ் அல்லது 6. நல்ல நிலை என்றால் 5, 4.5, 4. அதற்குக் கீழே 3.5, 3 என்று இறங்கும். ஆர் அல்லது ஆர்ஏ என்று போட்டிருந்தால் விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட கார் என்று பொருள். உள்ளே இருக்கைகளும் மற்றவையும் இருக்கும் நிலைக்கு ஏ, பீ, சீ என்று தனிப் புள்ளி உண்டு. தாளின் ஓரத்தில் காரின் படம் ஒன்றும், அதில் சிறு குறிகளும் இருக்கும். ஏ என்பது கீறல், யூ என்பது அமுங்கல், டபிள்யூ என்பது திருத்திப் பெயின்ட் அடித்த அடையாளம், இரட்டை எக்ஸ் என்பது மாற்றப்பட்ட பாகம். ஓடிய கிலோமீற்றரும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

ராத்தா படம் எடுத்து வந்த தாளில் 4.5 என்று இருந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன், தாளிலிருந்த செசி இலக்கத்தைக் கொடுத்து, சிறு கட்டணத்துக்கு ஏலப் பதிவைத் தேடித் தரும் இணையச் சேவையொன்றில் விசாரித்தான். மறுநாள் வந்த தாளில் அதே செசி இலக்கம், அதே நிறம், அதே கிலோமீற்றர். ஆனால் புள்ளி 4.5 அல்ல, ஆர். முன்பக்கப் பாகங்கள் இரண்டில் இரட்டை எக்ஸ் குறி.

நானாவின் முகம் வெளிறிவிட்டது. அந்த ஒரு இலட்சத்தை அன்று கொடுத்திருந்தால்? கடைக்காரர் தெரிந்து செய்தாரா, அவருக்கு விற்றவர் தாளை மாற்றிக் கொடுத்தாரா என்பது நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக யாரையும் குற்றம் சொல்லவும் கூடாது. ஆனால் ஒன்பது வருட உழைப்பு ஒரு போட்டோப் பிரதியை நம்பிப் போயிருக்கும் என்பது மட்டும் உண்மை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதால் சந்தை எப்படிக் கெடுகிறது என்பதை, ஜோர்ஜ் அகர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அதற்கு அவர் எடுத்த உதாரணமே பாவித்த கார்தான். அவருக்கு 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய வாங்குபவரால் முடியாதபோது, நேர்மையான விற்பனையாளருக்கும் நியாயமான விலை கிடைக்காமல் போகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். ஆகவே தாளைக் கேட்பது நல்ல வியாபாரிக்குச் செய்யும் அவமரியாதை அல்ல. அவருக்கு அது நன்மை.

“நம்மட ஆள், எப்படிக் கேட்பது?” என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. குறையை மறைக்காமல் விற்பது வியாபாரிக்கு மார்க்கம் விதித்த கடமை. தன் கடமையைச் செய்திருப்பவர் கேள்விக்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

தாளோடு நின்றுவிடாமல் காரையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். கார் ஓடியது சில ஆயிரம் கிலோமீற்றர்தான் என்று சொல்லப்பட்டு, டயர்கள் காரைவிடப் பிந்தியவையாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். எஞ்சின் சூடாகுமுன், குளிர்ந்திருக்கும் நிலையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி, கார் விலையோடு பார்த்தால் கடுகளவு. உற்பத்தி ஆண்டையும் கவனியுங்கள். நாளை நீங்கள் விற்கப் போகும்போது, இங்கே பதிந்த ஆண்டைவிட உற்பத்தி ஆண்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

மாதத் தவணை என்ற திரை

“மாதம் எவ்வளவு கட்ட ஏலும்?” விலை பேசும் நேரத்தில் இந்தக் கேள்வி வந்தால் எச்சரிக்கையாகுங்கள். அதற்குப் பதில் சொன்ன அடுத்த நிமிடமே காரின் விலை பேச்சிலிருந்து மறைந்துவிடும்.

ராத்தாவின் கொப்பியில் இருந்த ஒரு கணக்கைப் பாருங்கள். 40 இலட்சம் ரூபா கடன் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்துக்கு, அதாவது 60 மாதத்துக்கு, மாதம் 93,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள். “கஷ்டமா? அப்படியென்றால் ஏழு வருடமாக்குவோம், மாதம் 75,000 போதும்” என்கிறார்கள். மாதம் 18,000 குறைந்தது போல் மனம் குளிர்கிறது.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 93,000ஐ 60ஆல் பெருக்கினால் 55 இலட்சத்து 80 ஆயிரம். 75,000ஐ 84ஆல் பெருக்கினால் 63 இலட்சம். குறைந்ததாகத் தோன்றிய தவணை, முடிவில் 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாவைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. விலையில் ஐம்பதாயிரம் குறைக்க ஒரு மணித்தியாலம் வாதாடிவிட்டு, தவணையில் ஏழு இலட்சத்தைக் கேள்வியின்றிக் கொடுத்துவிட்டு வரும் குடும்பங்கள் எத்தனை!

ஆகவே முதலில் காசு விலையைப் பேசி முடித்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகுதான் கடன் பேச்சு. விற்பனை நிலையம் காட்டும் நிறுவனத்தோடு மட்டும் நின்றுவிடாமல் வேறு இரண்டு இடங்களில் விசாரியுங்கள். ஆளைக் கொண்டுவந்து கொடுப்பதற்காக விற்பனையாளருக்குத் தரகுப் பணம் கிடைப்பதும் உண்டு. காருக்கு எத்தனை வீதம் வரை கடன் கொடுக்கலாம் என்ற எல்லையை மத்திய வங்கி விதிக்கிறது. அது அவ்வப்போது மாறுவதால், போகுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வட்டியைத் தவிர்க்கும் குடும்பங்கள் முராபஹா, இஜாரா முறைகளை நாடுகின்றன. முராபஹாவில் நிதி நிறுவனம் காரைத் தான் வாங்கி, தன் இலாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்கு விற்கிறது. இஜாராவில் காரைத் தன் உடைமையாக வைத்துக்கொண்டு உங்களுக்கு வாடகைக்குத் தருகிறது. இரண்டிலுமே காரின் ஆரம்ப விலையைக் கடைக்காரரோடு பேச வேண்டியவர் நீங்கள்தான். அந்த விலை கூடினால் அதன்மேல் வரும் தொகையும் கூடும். மொத்தமாக எவ்வளவு கட்டுவோம், தவணை பிந்தினால் என்ன நடக்கும், முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன என்ற மூன்று கேள்விகளையும் இங்கேயும் கேட்டேயாக வேண்டும்.

பழைய காரைக் கொடுத்துப் புதிய காரை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பழையதற்குத் தாராளமாக விலை போட்டு, அதைப் புதியதன் விலையில் ஏற்றிவிடுவது எளிது. இரண்டையும் தனித்தனியாகப் பேசுங்கள். பழையதற்கு வெளியே என்ன விலை கிடைக்கும் என்று முதலே விசாரித்து வையுங்கள்.

பேசும் நேரம்

இரண்டு வாரம் கழித்து, 76 இலட்சத்து 50 ஆயிரம் சொன்ன கடைக்கு நாங்கள் போனோம். குறைந்த விலை சொன்ன கடைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அங்கே ஏலத் தாளைக் கேட்டபோது “கார் எடுக்கிற நாளில் தருவோம்” என்றார்கள். இந்தக் கடைக்காரரோ கேட்டவுடனேயே செசி இலக்கத்தோடு தாளை அனுப்பிவிட்டார். விசாரித்துப் பார்த்ததில் இரண்டு தாளும் ஒன்றாகவே இருந்தன. 4.5 புள்ளி.

போகும் வழியில் ராத்தா நானாவிடம் சொன்னார். “நானா, நீங்க காரைப் பாருங்க. விலையை நான் பேசுறன். நான் எழும்பினா நீங்களும் எழும்புங்க.” குடும்பத்தோடு கடைக்குப் போகும் எல்லோரும் செய்துகொள்ள வேண்டிய உடன்படிக்கை இது. ஒருவர் விலை பேச, இன்னொருவர் “பரவாயில்லை, எடுப்போம்” என்று முகத்தில் காட்டிவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். பிள்ளைகளைக் காரில் ஏற்றி இருத்தி, “எங்கட காரா உம்மா?” என்று கேட்க வைப்பதும் அப்படித்தான்.

ராத்தா கொப்பியை மேசையில் வைத்தார். “பதிவு, இலக்கத் தகடு, எல்லாச் செலவும் சேர்த்து 74 இலட்சம்” என்றார். கடைக்காரர் சிரித்தார். “அது எனக்கே கட்டாது. 76 தாங்க” என்றார். ராத்தா ஒன்றும் பேசவில்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் எனக்கே பொறுக்க முடியவில்லை. கடைக்காரர்தான் முதலில் பேசினார். “சரி, 75 இலட்சத்து 50 ஆயிரம்.” ராத்தா 74 இலட்சத்து 50 ஆயிரம் என்றார். இருவரும் ஒரே அளவு நகர்ந்தார்கள். முடிவில் 75 இலட்சம், பதிவுச் செலவு அவருடையது என்று தீர்ந்தது.

முதற் கடையின் “லாஸ்ட் பிரைஸ்” 77 இலட்சத்து 50 ஆயிரம், பதிவுச் செலவு வேறு. இங்கே இரண்டரை இலட்சத்துக்கும் மேல் மிச்சம். அன்றைய தங்க விலைக்கு அது ஏறத்தாழ ஒரு பவுன். விற்ற காப்பில் ஒரு பவுன் வீட்டுக்குத் திரும்பி வந்தது போல. அதைவிட, விபத்தில் அடிபட்ட காரொன்று மாமியை ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் இறங்காமல் தப்பியது.

பேரத்தில் வாங்குபவருக்கும் ஒழுக்கம் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இல்லாத வேறொரு கடையின் விலையைச் சொல்லி ராத்தா பேசவில்லை. கொப்பியில் இருந்ததைத்தான் சொன்னார். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்காகப் போட்டி போடுவதை நஜ்ஷ் என்று மார்க்கம் தடுத்திருக்கிறது. “வேற பார்ட்டி வருகிறது” என்று இல்லாத ஆளை உண்டாக்கிச் சொல்லும் வியாபாரிக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவர் பேசி முடித்த பொருளின்மேல் நாம் போய்க் கூட்டி விலை சொல்வதும் ஆகாது.

முற்பணம் கொடுக்குமுன் பற்றுச்சீட்டில் இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். காரின் செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும், மொத்த விலை, அதற்குள் அடங்குபவை, கார் கையில் கிடைக்கும் திகதி, சொன்னபடி கார் இல்லாவிட்டால் முற்பணம் முழுதாகத் திரும்பும் என்ற வாசகம். வாய்ப்பேச்சாகச் சொன்னது எதுவும் பின்னர் நினைவுக்கு வராது. பதிவுக்கு அடையாள அட்டையோடு, வரி செலுத்துநர் இலக்கமும் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் முதலே எடுத்து வைப்பது நல்லது. ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1977. முறைப்பாட்டுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாம் முடிந்து விண்ணப்பத்தை நிரப்பும்போது, அந்தக் கடைக்காரரும் பழக்கதோஷத்தில் நானாவைப் பார்த்தே கேட்டார்.

“யார்ட பேர்ல எழுதுற?”

நானா ஒரு கணம் தடுமாறவுமில்லை.

“விலை பேசினவட பேர்ல” என்றார்.

ராத்தா கொப்பியை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். அந்தக் கொப்பி இப்போது எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இருக்கிறது. அவர்களும் கார் பார்க்கிறார்கள்.